சிறகின் அடிப்பக்கம்

(விருத்தாசலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



“சார், இது என்ன பூச்சி?” இந்த ஒரு வரியோடு படங்கள் வருகின்றன. பூச்சி பார்க்கிறவர் என்று ஊரில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் இதிலிருந்து தப்ப வழியில்லை. வருகிற படங்களில் பல, நல்ல படங்கள். பூ தெளிவாக இருக்கும், பின்னணி பஞ்சுபோல மங்கியிருக்கும், காலண்டருக்குக் கொடுக்கலாம். பெயர் மட்டும் சொல்ல முடியாது. அதே சமயம், குளியலறைச் சுவரில் கோணலாக எடுத்தது, பல்லி வாலும் சேர்ந்து விழுந்தது, அதை வைத்துச் சிற்றினம்வரை சொல்லிவிடலாம். அழகான படம் வேறு, அடையாளம் சொல்லும் படம் வேறு. இன்று நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி. ஒரு படம் எதுவரை பேசுகிறது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது, அந்த இடத்தில் நாமும் நிறுத்திக்கொள்கிறோமா என்பதைப் பற்றி.

எல்லோரும் பார்த்திருக்கும் பூச்சியிலிருந்தே தொடங்குகிறேன். ரயில் பாதையோரம், காலிமனை என்று எருக்கு நிற்கிற இடமெல்லாம் வெந்தய வரியன் பறக்கும். செம்மஞ்சள் சிறகு, கறுப்பு விளிம்பு, முன்சிறகு நுனியில் வெள்ளைப் பட்டை. அவசரமே இல்லாத பறத்தல். எருக்கந்தழை தின்று வளர்ந்த உடம்பு, கடித்த பறவைக்குக் குமட்டும். ஓடி ஒளிய வேண்டிய தேவை அதற்கு இல்லை. இதே நிறத்தில், இதே பட்டையோடு, இதே மெத்தனத்தோடு இன்னொன்றும் பறக்கிறது. டானைட் எக்ஃப்ளை என்கிற பூச்சியின் பெண். அதன் உடம்பில் நஞ்சு கிடையாது. அதன் புழு தின்பது கொல்லையில் தானாக முளைக்கிற பருப்புக்கீரை. ஆணைப் பார்த்தால் இரண்டும் ஒரே சிற்றினம் என்று நம்ப மாட்டீர்கள். கறுப்புச் சிறகு, அதில் ஊதா ஒளி சூழ்ந்த வெள்ளைத் திட்டுகள்.

அந்தப் பெண்ணையும் வெந்தய வரியனையும் படத்தில் பிரிக்கப் பின்சிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள், ஆணானால் நான்காவதாக ஒன்று. எக்ஃப்ளைக்கு மேல்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. தலையும் மார்பும் கறுப்பாகி வெள்ளைப் பொட்டு வைத்தாற்போல இருந்தால் வெந்தய வரியன். பின்சிறகு மறைந்து, தலையும் பூவுக்குள் புதைந்த படமென்றால் உங்களிடம் இருப்பது ‘இரண்டில் ஒன்று’. நாம் என்ன செய்கிறோம்? வெந்தய வரியன்தான் அதிகம் என்பதால் அந்தப் பெயரையே எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். ஆனால் எக்ஃப்ளை இந்தப் பக்கத்தில் எத்தனை பறக்கிறது என்று கணக்கெடுக்கப் புறப்பட்டவருக்கு இந்தப் பழக்கத்தைப்போலக் கெடுதல் வேறில்லை. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருந்த அதே பட்டியலில், நெடுங்காலம் இடம் பெற்றிருந்த பூச்சி அது. காலிமனையில் பருப்புக்கீரையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் எண்ணுவதில்லை.

இதைவிடச் சிக்கலான கதை கறிவேப்பிலை மரத்தடியில் நடக்கிறது. கறிவேப்பிலை அழகி என்று தமிழில் பெயர் பெற்ற காமன் மார்மன். ஆணுக்கு ஒரே உருவம், கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு மூன்று உருவம். ஒருத்தி ஆணைப்போலவே இருப்பாள். இன்னொருத்தி காமன் ரோஸ் வேஷம், பின்சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும். மூன்றாமவள் கிரிம்சன் ரோஸ் வேஷம், முன்சிறகில் வெள்ளைப் பட்டைகளும் பின்சிறகில் சிவப்பும். அந்த இரண்டு ரோஸ்களும் ஆடுதின்னாப்பாளையில் வளர்ந்து நஞ்சேறியவை. இந்த மூன்று பெண்களையும் ஒரு காலத்தில் வேறு வேறு சிற்றினங்களாகப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து எல்லா உருவமும் வரலாம் என்பதை 1865இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் எழுதி விளக்கினார். ஒரு பூச்சிக்குள் இத்தனை உருவம் எப்படி என்ற கேள்விக்கு 2014இல் பதில் வந்தது. பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே முதலானவர்கள், ஆண் பெண் வேறுபாட்டை நடத்தும் ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுதான் இந்த வேஷத்தையும் நடத்துகிறது என்று காட்டினார்கள்.

படமெடுக்கிறவருக்கு இதில் என்ன வேலை? உடம்பு. நிஜ ரோஸ்களுக்கு உடம்பு சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. சிறகுக்கு வேஷம் போட்ட இயற்கை உடம்புக்குப் போடாமல் விட்டிருக்கிறது. ஆனால் நம் படங்களில் பாதியில் உடம்பு நிழலில் கிடக்கும், சிறகுதான் பளீரென்று இருக்கும். கண் சிறகுக்குப் போகிறது, கைபேசியின் ஃபோகஸும் சிறகுக்கே போகிறது. திரையில் உடம்பின் மேல் விரலை வைத்து அழுத்திவிட்டு எடுங்கள். அந்த ஒரு அழுத்தலில் ‘ஏதோ ரோஸ்போல இருக்கிறது’ என்பது தீர்ந்துவிடும்.

அடுத்தது அடிப்பக்கம். இதைத்தான் தலைப்பாகவும் வைத்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து வெயில் காயும்போது நமக்குக் கொண்டாட்டம், வரிசையாக எடுக்கிறோம். அது சிறகை மூடியதும் கையை இறக்கிவிடுகிறோம். பல குடும்பங்களில் அடையாளம் தொடங்குவதே மூடிய பிறகுதான். தகரைச் செடிகளைச் சுற்றும் சின்ன மஞ்சள் பூச்சிகள், கிராஸ் எல்லோ வகை. மேலே பார்த்தால் எல்லாமே மஞ்சளும் கறுப்பு விளிம்பும். மூடிய முன்சிறகின் அடிப்பக்கத்தில், அடிப்பகுதியை ஒட்டிய அறையில் புள்ளிகளை எண்ண வேண்டும். இரண்டு என்றால் சாதாரண கிராஸ் எல்லோ, மூன்று என்றால் த்ரீ ஸ்பாட். ‘நீலன்கள்’ என்று சொல்லும் சிறுபூச்சிகளும் அப்படியே. விரித்தால் எல்லாம் நீலம். மூடினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு, தனிப் புள்ளி. பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வன்னி பூக்கும்போது அதன் அடியில் ஒரு காலை நின்று, மூடிய சிறகுகளை மட்டும் படமெடுங்கள். என்னென்ன வந்தன என்பதற்கு ஒரு பட்டியல் கிடைக்கும். விரித்த சிறகுப் படங்களிலிருந்து அந்தப் பட்டியல் கிடைக்காது.

நீலம் என்றதும் பீங்கான் பட்டறைகள் உள்ள இந்த ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிளேஸ் பூசிச் சூளையிலிருந்து இறக்கிய சாமானை நீங்கள் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பீர்கள். கோபால்ட் போட்ட நீலம் எப்படிச் சாய்த்தாலும் நீலம். லஸ்டர் மினுமினுப்போ சாய்க்கச் சாய்க்க மாறும். சிறகிலும் இந்த இரண்டு வகை நிறமும் உண்டு. வெள்ளை, மஞ்சள் பூச்சிகளின் மஞ்சள், செதில்களில் உள்ள நிறமிப் பொருளால் வருவது. எந்தக் கோணத்தில் எடுத்தாலும் மஞ்சள்தான். நீலன்களின் நீலமும் எக்ஃப்ளை ஆண்களின் ஊதாவும் செதிலின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருபவை. கொஞ்சம் நகர்ந்தால் கறுப்பாகிவிடும். ஆகவே ‘படத்தில் ஊதா இல்லை, அதனால் அது அதுவல்ல’ என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. பூச்சி பொறுத்துக்கொண்டால் இரண்டு மூன்று கோணத்தில் எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளை அந்துப்பூச்சியின் மெல்லிய கோடுகளையெல்லாம் அது அழித்துவிடும்.

காலமும் ஏமாற்றும். ஈவினிங் பிரௌன் என்றொரு பழுப்புப் பூச்சி. புல்லிலும் நெல்லிலும் புழுவாக வளர்ந்து, மாலையில் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் வந்து உட்காரும். மழைக்காலத்தில் அதன் அடிச்சிறகில் வரிசையாகக் கண்புள்ளிகள். கோடையில் பிறந்ததற்குக் கண்புள்ளி ஏறக்குறைய மறைந்து, காய்ந்த சருகுபோல நிறமும் வெட்டும் வந்துவிடும். ஐப்பசியில் எடுத்ததையும் பங்குனியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் யாரும் இரண்டு பெயர்தான் சொல்வார்கள். படத்தோடு தேதி வேண்டும் என்று நச்சரிப்பது இதற்காகத்தான். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்தில் தேதியும் இருக்காது, ஊரும் இருக்காது. அந்தப் படத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று நினைக்கிறேன்.

வண்ணத்துப்பூச்சி வரைக்கும் நிலைமை பரவாயில்லை. இந்தியாவில் ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல், நல்ல கையேடுகள் இருக்கின்றன, ஐசக் கெஹிம்கரின் புத்தகம் 2008இல் வந்தது. நம் மாநிலத்துக்கென்று ஒரு வண்ணத்துப்பூச்சியை, தமிழ் மறவனை, 2019இல் அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர், இங்கே தேடாதீர்கள். அந்துப்பூச்சி என்று வந்தால் கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அவற்றுக்கு நாம் இன்னமும் நாடும் அடிப்படை நூல், நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் எழுதியது. மலையில் விளக்கைத் தேடி வந்த பூச்சிகளில் மயங்கி, பிறகு லண்டன் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1892 முதல் 1896வரை நான்கு தொகுதிகளாக இந்திய அந்துப்பூச்சிகளை எழுதினார். அந்தத் தொகுதிகளைத் திறந்தால் சிறகு நரம்புகளின் படங்கள்தான் பக்கம் பக்கமாக. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது என்பதைக் கொண்டு பேரினத்தைப் பிரித்தார். நரம்பைப் பார்க்க வேண்டுமானால் செதிலை நீக்க வேண்டும், பூச்சி செத்திருக்க வேண்டும். நாம் எடுப்பதோ உயிரோடு சுவரில் உட்கார்ந்திருப்பதன் படம். அவர் கேட்ட கேள்விக்கு நம் படத்தில் பதிலே இல்லை. இன்னும் பலவற்றில், ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒழியச் சிற்றினம் சொல்ல முடியாது. இது படமெடுப்பவரின் குறையல்ல, கேமராவின் விலையை உயர்த்தினாலும் தீராது. அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிறுத்தி, ‘இன்ன பேரினம், சிற்றினம் சொல்ல இயலாது’ என்று எழுதுவது முழுமையான பதில். மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஏதாவது ஒரு முழுப்பெயர் வந்தாக வேண்டும் அவர்களுக்கு.

சில சமயம் படமெடுக்கும்போதே கொஞ்சம் யோசித்தால் போதும். எள் வயலில் பெரிய கொம்புப்புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதன் அந்துப்பூச்சிக்கு முதுகில் மண்டையோடுபோல ஒரு குறி, தொட்டால் கீச்சென்று கத்தும், தேன் திருடத் தேனடைக்குள் நுழையும். அபசகுனம் என்று துடைப்பத்தால் அடிக்கிறார்கள், பாவம். இந்த வகையில் நம் நாட்டில் இரண்டு இருக்கின்றன. எள்ளுக்கு வருவது ஸ்டிக்ஸ், அதன் பின்சிறகு மஞ்சள், குறுக்கே மெல்லிய கறுப்புப் பட்டைகள். லாக்கெஸிஸ் என்ற மற்றதற்குப் பின்சிறகின் அடிப்பகுதியே கறுத்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகு பின்சிறகை முழுக்க மூடிவிடும். ஈர்க்குச்சியால் மெதுவாக ஓரத்தைத் தொட்டால் சிறகைத் தூக்கிக் காட்டும், அந்த நொடியில் எடுத்துக்கொள்ளலாம். பறக்காமல் இருப்பதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்தெடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வருஷா வருஷம் செய்தித்தாளில் ‘பாம்புத் தலை கொண்ட அதிசயப் பட்டாம்பூச்சி’ என்று ஒரு படம் வரும். அது பட்டாம்பூச்சியல்ல, அட்லஸ் வகை அந்துப்பூச்சி. கீழே அறிவியல் பெயர் அட்டாகஸ் அட்லஸ் என்று போட்டிருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பறப்பது அட்டாகஸ் தாப்ரோபானிஸ். இணையத்தில் முதலில் கிடைக்கும் பெயர் அட்லஸ் என்பதால் அதுவே அச்சாகிறது, மறுவருஷம் அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார். இப்போது கைபேசியே பெயர் சொல்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்ததும் பத்துப் பெயரை நீட்டுகின்றன. எனக்கு அவற்றோடு பகையில்லை, குடும்பம்வரை கொண்டுபோய் விடுவதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆனால் அவை கற்றது நிறையப் பேர் நிறையப் படமெடுத்த பூச்சிகளிலிருந்து. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த படங்கள் மலைபோல. இந்தியா என்று வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயத்திலும் குவியல். முந்திரிக் காடும் நிலக்கடலை மேடும் சூளைப் புகையும் உள்ள இந்த மாதிரி ஊர் அந்தக் குவியலில் எங்கே இருக்கிறது? நமது பூச்சிக்கு அது பழக்கப்பட்ட பூச்சிகளில் கிட்டத்தட்ட ஒத்த ஒன்றின் பெயரைத் தருகிறது. இரண்டு பேர் ‘ஆமாம்’ என்று அழுத்தினால் அது ‘ஆய்வுத் தரம்’ ஆகிவிடுகிறது. அந்த இரண்டு பேரும் செயலி சொன்னதையே பார்த்து அழுத்தியிருக்கலாம்.

ஆகவே படம் இங்கிருந்து போக வேண்டும். அதற்கு இந்த ஊரில் வசதியும் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் ஓடுகிற பட்டறைகளில் வெள்ளைச் சுவரும் டியூப் லைட்டும் உண்டு. அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் இதற்காகவே காட்டில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போடுகிறார்கள். வெள்ளை டைல்ஸ் ஒட்டிய சுவரானால் இன்னும் நல்லது, ஒரு டைல்ஸின் அளவு தெரிந்தால் பூச்சியின் அளவும் படத்திலேயே கிடைத்துவிடும். தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறிவருவதால் புறஊதா ஒளி குறைந்து பூச்சி வரத்தும் குறையும், பழைய பாதரச விளக்கு இருக்கிற மூலை எது என்று பார்த்துவையுங்கள். பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு நிலவைப் பார்த்துக் குழம்புகிறது என்று படித்திருப்போம். 2024இல் வந்த ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்து வேறு காரணம் சொன்னது. இரவில் பறக்கும் பூச்சி, வெளிச்சமான பக்கம் வானம் என்று கொண்டு முதுகை அந்தப் பக்கம் திருப்பும் வழக்கமுடையது. விளக்கின் அருகில் வந்ததும் முதுகை விளக்குக்குத் திருப்பித் திருப்பி, சுற்றிலிருந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. யாஷ் சோந்தி என்ற இந்தியரும் அந்த ஆய்வில் ஒருவர். விடிந்ததும் பட்டறைப் பல்லிக்கும் காக்கைக்கும் முன்னால் நீங்கள் சுவருக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இனி வயலுக்கு வருகிறேன். பொழுதுபோக்கு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 2018இல் கர்நாடகத்தில் மக்காச்சோளத்தில் ஒரு புதுப்புழுவைப் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய படைப்புழு. அந்த வருஷமே பெரம்பலூர், வேப்பூர் பக்கமெல்லாம் குருத்தைச் சல்லடையாக்கியது. அப்போது விவசாயிகள் எடுத்த படங்கள் பெரும்பாலும் ஓட்டை விழுந்த இலையும் சாணிபோன்ற எச்சமும். அதை வைத்து எந்தப் புழு என்று யார் சொல்வது? தலையைப் பார்க்க வேண்டும், கவிழ்ந்த ஒய் எழுத்துப்போல வெளிர்கோடு. வால்பக்கத்தில் மேலிருந்து பார்த்தால் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டும் தெரிகிற ஒரு படம், வேளாண் அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்பே செய்தியைச் சொல்லிவிடும்.

முந்திரியில் நேர்மாறு. கொழுந்திலையில் வெள்ளைக் கொப்புளம் போட்டுச் சுரங்கம் குடையும் புழுவின் அந்துப்பூச்சி மிகச் சிறியது. அதைப் படமெடுப்பதைவிட இலையில் உள்ள சுரங்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுப்பது நிறையச் சொல்லும். அதே முந்திரி இலையில், மாவிலையிலும்கூட, நடுநரம்பின் மேல் பச்சையாய் இறகு விரித்தாற்போல ஒரு புழு படுத்திருக்கும். முதுகில் உள்ள மஞ்சள்கோடு இலை நரம்போடு ஒன்றிவிடும். அது பேரன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு, மருந்தடிக்க வேண்டாம். புழுவைத் தெரியாவிட்டால் கொழுந்தோடு டப்பாவில் வைத்து வளருங்கள், ஒவ்வொரு தோலுரிப்புக்கும் ஒரு படம் எடுங்கள். கார்வாரில் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் இப்படித்தான் புழுக்களை வளர்த்து வளர்த்து எழுதினார். அவரும் ஸ்காட் என்பவரும் சேர்ந்து எழுதிய பருந்து அந்துப்பூச்சித் தொகுதி 1937இல் வந்தது.

நிலக்கடலைக்கு இந்த ஊரின் பெயரே ரகங்களில் நிற்கிறது, வி.ஆர்.ஐ. என்று ஆராய்ச்சி நிலையம் வைத்த எழுத்து. அந்தக் கடலையின் பழைய எதிரி சிவப்புக் கம்பளிப்புழு. அதன் கூட்டுப்புழு வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். நல்ல மழை ஒன்று விழுந்த சில நாட்களில் அந்துப்பூச்சிகள் மொத்தமாக வெளியே வரும். வெள்ளை முன்சிறகில் பழுப்புக் கீற்றுகள், முன்விளிம்பு நெடுக ஒரு மஞ்சள் கோடு, வெள்ளைப் பின்சிறகில் கறுப்புக் குறிகள். இதில் ஒரு சின்ன விஷயம், இந்தக் குடும்பத்து அந்துப்பூச்சிகளில் வெள்ளை நிறத்தவை வேறும் இருக்கின்றன, அதனால் மஞ்சள் கோடு தெரியும்படி மேலிருந்து ஒன்று, சிறகு விரித்திருந்தால் இன்னொன்று. அவை முதலில் வந்து உட்காருவது வயலில் அல்ல, உங்கள் பட்டறை விளக்கடியில். முட்டை சில நாட்களில் பொரித்துவிடும். புழு சிறிதாக, ஒரே இலையில் கூட்டமாக இருக்கும்போது கிள்ளி எடுத்து அழிப்பது சுலபம். வளர்ந்து சிதறிய பிறகு மருந்துக்கும் அடங்காது. ஆகவே வருகிற மழைக்குப் பிறகு சுவரில் அந்தப் பூச்சியைப் பார்த்தால், தேதியும் இடமும் போட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கும், கடலை போட்டிருக்கும் உங்கள் சித்தப்பா மாமாக்களுக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஒருவேளை அது வேறு வெள்ளை அந்துப்பூச்சியாக இருந்தால், படம் சரியாக இருக்கிறவரை, அதையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். படம் வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம்.